ஊசி போட்ட ஆண்டில் நின்றுபோன உயரம்

ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் தொற்றுக்குச் சிகிச்சை நடந்த வருடத்தில் என் மகன் வளர்ந்தது இரண்டே சென்டிமீட்டர். அதற்கு முந்தைய வருடம் ஐந்தரை. வைரஸ் போய்விட்டது, கல்லீரல் தப்பித்தது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நாள்பட்ட ஹெபடைடிஸுக்கு மருந்து எடுக்கப்போகும் குழந்தையின் பெற்றோர் யாராவது பேச்சுக் கொடுத்தால் நான் முதலில் கேட்பது, "உயரம் அளந்து எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்பதைத்தான். பெரும்பாலும் பதில் வராது. வைரஸ் அளவு தெரியும், எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவு) தெரியும், உயரம் தெரியாது.

என்னிடமிருந்துதான் அவனுக்கு வந்தது. எனக்கு ரத்தம் ஏற்றிய காலத்தில் இந்த வைரஸையே யாரும் அடையாளம் கண்டிருக்கவில்லை. 1989-இல்தான் கண்டுபிடித்தார்கள், ரத்த வங்கிகளில் பரிசோதனை வந்தது அதற்கும் பிறகு. தொற்று உள்ள தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இது போகும். அந்த ஐந்தாறில் அவன் ஒருவன். சில குழந்தைகளுக்கு முதல் சில ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடும் என்றார்கள். இவனுக்கு நீங்கவில்லை.

பதினொரு வயது வரை அவன் சாதாரணமாகவே வளர்ந்தான். ஹெபடைடிஸ் சி தொற்று உள்ள பெரும்பாலான குழந்தைகள் அப்படித்தான், வெளியே ஒன்றும் தெரியாது. பள்ளியில் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பான். ஆகவே 2010-இல் சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தபோது, நன்றாக இருக்கும் பிள்ளையை மருந்து கொடுத்துப் படுக்க வைப்பதா என்ற தயக்கம் வீட்டில் எல்லாருக்கும் இருந்தது. கல்லீரலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியின் முடிவுதான் அந்தத் தயக்கத்தைத் தீர்த்தது. கல்லீரலில் தழும்பு அந்த வயதுக்கு இருக்கக்கூடாத அளவுக்கு இருந்தது.

அன்றைக்கு இருந்த மருந்து ஒன்றுதான்: வாரம் ஒருமுறை பெக்-இன்டர்ஃபெரான் ஊசி, தினம் இரண்டு வேளை ரிபாவிரின். இந்த வைரஸில் பல மரபணு வகைகள் (ஜீனோடைப்) உண்டு, இவனுக்கு இருந்தது ஜீனோடைப் 1. அதற்கு 48 வாரம், குணமாகும் வாய்ப்பு ஏறத்தாழ பாதி. ஜீனோடைப் 2, 3 என்றால் 24 வாரம் போதும், வாய்ப்பும் அதிகம். இந்த வித்தியாசம் வளர்ச்சிக்கும் முக்கியம் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. நஷ்டம் பெரும்பாலும் நீண்ட சிகிச்சை எடுத்தவர்களுக்குத்தான்.

அந்த ஊசி மருந்து ஒன்றின் கையேட்டிலேயே இந்த விஷயம் அச்சாகி இருந்தது. சிகிச்சையின்போது 70 சதவீதக் குழந்தைகளின் வளர்ச்சி வேகம், அந்த வயதுக்குரிய வரைபடத்தின் மிகக் கீழ்க் கோட்டுக்கும் (மூன்றாவது சதமானம்) கீழே போயிருக்கிறது. அப்படிப் போனவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்தும் வேகம் மீளவில்லை. இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் கேட்டேன். "உயரத்தை அப்புறம் பார்த்துக்கலாம்மா, முதல்ல வைரஸ் போகட்டும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கல்லீரல் டாக்டரின் கண் கல்லீரலில்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். உயரத்தைப் பார்க்க வேறொரு கண் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அது நானாகிவிட்டேன்.

முதலில் அளப்பது பற்றி. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு, ஒரு மாதம் கழித்து இன்னொரு கோடு போட்டு, "வளரவே இல்லை" என்று கலங்குவதில் அர்த்தமில்லை. நான்கு வயதிலிருந்து பருவ வயது தொடங்கும் வரை ஒரு குழந்தை ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 6 செ.மீ. வளரும். மாதத்துக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாது. நாம் அளப்பதில் வரும் பிழையே அரை சென்டிமீட்டர் இருக்கும். போதாததற்கு காலையில் எழுந்தபோது இருக்கும் உயரம் மாலையில் இருக்காது, முதுகெலும்பு வட்டுகள் அழுந்திச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முடிந்தால் ஒரே கருவியில், ஒரே நேரத்தில், ஒரே ஆள் அளப்பது நல்லது. செருப்பு, காலுறை கழற்றி, தலைமுடியில் கொண்டை, கிளிப் இருந்தால் எடுத்துவிட்டு, குதிகால், பின்புறம், தோள்பட்டை சுவரில் பட நிற்க வேண்டும். பார்வை நேராக. காதுத் துவாரமும் கண்குழியின் கீழ் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று கிளினிக்கில் ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். குழந்தைகள் உயரமாகத் தெரிய வேண்டும் என்று முகவாயைத் தூக்குவார்கள். உண்மையில் அது உயரத்தைக் குறைத்துத்தான் காட்டும். இரண்டு முறை அளந்து சராசரி எழுதுங்கள்.

ஒற்றை அளவால் பெரிய பயன் இல்லை. சிகிச்சைக்கு முந்தைய ஒரு வருடத்து அளவுகள் இருந்தால்தான் பிள்ளையின் சொந்த வேகம் என்ன என்று தெரியும். எங்களுக்கு அதிர்ஷ்டம், பள்ளி உடற்பரிசோதனை அட்டையில் பழைய அளவுகள் இருந்தன. உங்களுக்கும் தடுப்பூசி அட்டையிலோ, பழைய மருந்துச் சீட்டின் ஓரத்திலோ கிடைக்கலாம். தேடிப் பாருங்கள்.

சிகிச்சை தொடங்கிய பிறகு முதலில் விழுந்தது எடைதான். ஊசி போட்ட இரவு காய்ச்சல், மறுநாள் உடம்பு வலி, அப்புறம் இரண்டு நாள் சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்புவான். வாயில் உலோகச் சுவை இருப்பதாகச் சொல்வான். வாரக் கடைசிக்குள் கொஞ்சம் தேறுவான், உடனே அடுத்த ஊசி. மூன்று மாதத்தில் எடை நான்கு கிலோ குறைந்தது. 35 கிலோ பையனுக்கு அது அதிகம்.

அந்த வாரச் சுழற்சியைப் புரிந்துகொண்ட பிறகு வீட்டில் சண்டை குறைந்தது. ஊசிக்கு அடுத்த இரண்டு நாள் நீர் ஆகாரம் போதும் என்று விட்டுவிட்டோம். வற்புறுத்தவில்லை. நாலாவது நாளிலிருந்து ஊசி வரை உள்ள நாட்களில்தான் அளவைக் கூட்டினோம். மூன்று பெரிய வேளைக்குப் பதிலாக ஆறு சின்ன வேளை. ஊசியையும் பள்ளி விடுமுறைக்கு முந்தைய நாள் இரவுக்கு மாற்றிக் கேட்டு வாங்கினோம். காய்ச்சலால் வகுப்பு தவறுவதும் மிச்சமானது. ரிபாவிரினை உணவோடுதான் கொடுக்க வேண்டும் என்பதால், அந்த இரண்டு வேளை மட்டும் தவறாமல் ஏதாவது உள்ளே போகும்படி பார்த்துக்கொண்டோம்.

உறவினர்கள் சும்மா இருப்பார்களா? கல்லீரல் நோய் என்றாலே கொழுப்பே கூடாது என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். மஞ்சள் காமாலை இல்லாத, கல்லீரல் சுருங்காத குழந்தைக்கு அப்படியொரு பத்தியம் தேவையில்லை. எடை விழுந்துகொண்டிருக்கும் பிள்ளைக்குக் கொழுப்பை நிறுத்துவது வளர்ச்சிக்கு இன்னொரு அடி. ரிபாவிரினால் ரத்தச் சோகை வந்தபோது இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுக்கச் சொன்னவர்களும் உண்டு. அந்த மருந்து சிவப்பணுக்களை உடைப்பதால் வரும் சோகை அது, இரும்பு கொடுத்தால் தீராது. டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்தபோதுதான் ஹீமோகுளோபின் ஏறியது. கல்லீரல் டானிக், மூலிகைப் பொடி எதுவும் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

எடை குறைந்ததால்தான் உயரம் நின்றது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். ஓரளவு உண்மைதான். ஆனால் அது மட்டுமில்லை. அமெரிக்காவில் 'பெட்ஸ்-சி' என்ற ஆய்வில் இதே ஊசி போட்ட, 5 முதல் 17 வயது வரையான குழந்தைகளின் வளர்ச்சியைத் தனியாகத் தொடர்ந்து அளந்திருக்கிறார்கள். 2012-இல் அது வெளியானது. சிகிச்சை முடிந்ததும் எடை பெரும்பாலோருக்குத் திரும்பிவிட்டது. உயரம் அப்படித் திரும்பவில்லை. 24 வாரத்துக்கு மேல் மருந்து எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயரத்தின் இசட் ஸ்கோர் அரைப் புள்ளிக்கு மேல் சரிந்திருந்தது. அந்தக் குழுவின் சராசரி உயரம் சிகிச்சை முடிந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்தும் பழைய இடத்துக்கு வரவில்லை. இசட் ஸ்கோர் என்பது அந்த வயதுக் குழந்தைகளின் சராசரியிலிருந்து நம் பிள்ளை எவ்வளவு தள்ளி இருக்கிறான் என்ற கணக்கு. பதினொரு வயதுப் பையனுக்கு அரைப் புள்ளி என்றால் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல். என் மகனுக்குச் சரிந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயம். வளர்ச்சி நிற்பதை எல்லாம் மருந்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. இன்டர்ஃபெரான் சிலருக்குத் தைராய்டைக் கெடுக்கும். தைராய்டு குறைந்தாலும் குழந்தை வளராது, சோர்ந்து கிடக்கும். அதையும் "ஊசியால்தான்" என்று விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனை பார்த்தார்களா என்று கேளுங்கள். இவனுக்கு அது சரியாக இருந்தது. எரிச்சல், அழுகை, தூக்கமின்மை இவையும் அந்த மருந்தின் வேலைதான். உடம்பு வளராத வருடத்தில் மனமும் சுருங்கியிருக்கும், சாப்பாடு குறைவதில் அதற்கும் பங்கு உண்டு.

இன்னொன்று, பன்னிரண்டாவது வார வைரஸ் பரிசோதனை. வைரஸ் அளவு நூறில் ஒரு பங்காகக்கூடக் குறையவில்லை என்றால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். பெற்றோருக்கு அது தோல்வி மாதிரித் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதற்காகவே டாக்டரிடம் மன்றாடியது. ஆனால் பலிக்காத மருந்தை இன்னும் 36 வாரம் போடுவது, ஒன்றும் கிடைக்காமல் வளர்ச்சியை மட்டும் பறிகொடுப்பது. அந்த விதி குழந்தையின் பக்கம் நிற்கும் விதி.

பருவ வளர்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண் குழந்தைகள் பதினொன்று பன்னிரண்டு வாக்கிலும், பையன்கள் பதின்மூன்று பதினான்கு வாக்கிலும் திடீரென்று உயர்வார்கள். ஒரு வருடத்தில் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர்கூடப் போகும். அந்த வருடமும் ஊசி வருடமும் ஒன்றாக விழுந்தால் நஷ்டம் அதிகம். ஐரோப்பிய மருந்துக் குறிப்பில், முடிந்தவரை அந்த வளர்ச்சி முடிந்த பிறகு சிகிச்சை கொடுக்கச் சொல்லியிருந்தது. கல்லீரலில் தழும்பு இல்லாத பிள்ளைகளைப் பல டாக்டர்கள் காத்திருக்கச் சொன்னது இதனால்தான், அப்படிக் காத்திருந்த பலருக்கு இன்னும் நல்ல மருந்து கிடைத்தது. எங்களுக்குப் பயாப்ஸி அந்த வசதியைக் கொடுக்கவில்லை. தழும்பு கூடிக்கொண்டே போகும் கல்லீரலையும் நாலு சென்டிமீட்டர் உயரத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

சிகிச்சை முடிந்த ஆறு மாதத்தில் எடை முழுக்க வந்துவிட்டது. பசி திரும்பியதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆறு மாதம் கழித்தும் வைரஸ் இல்லை, ஆகவே குணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வழக்கமான வருகைகளும் அத்தோடு குறைந்துவிட்டன. உயரத்தைப் பொறுத்தவரை உண்மையான வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. யாரும் கூப்பிட்டு அளக்க மாட்டார்கள். நாம்தான் போக வேண்டும்.

குழந்தை மருத்துவர் எங்களை ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினார். இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்த்தார்கள். வயது பன்னிரண்டரை, எலும்பு வயது பதினொன்று. நான் பதறிப்போனேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, "இது நல்ல செய்தி" என்றார். எலும்பு பின்தங்கி இருந்தால் வளர்வதற்கு இன்னும் காலம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் நடந்தது. வகுப்பில் மற்றவர்களுக்குக் குரல் உடைந்து, மீசை அரும்பி, அவர்கள் கிடுகிடுவென்று உயர்ந்தபோது இவன் அப்படியே நின்றான். "நான் மட்டும் ஏம்மா இப்படியே இருக்கேன்?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. எலும்பு வயதைப் பற்றி அவனிடமே எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கும்படி டாக்டரிடம் சொன்னோம். நாங்கள் சொன்ன ஆறுதலைவிட அந்தப் படம் அவனுக்கு அதிகம் பயன்பட்டது. அவன் உயர ஆரம்பித்தபோது நண்பர்கள் நின்றுவிட்டிருந்தார்கள்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா என்று என் கணவர் கேட்டார். பரிசோதனையில் ஹார்மோன் குறைவு இல்லாததால் தேவையில்லை என்றார்கள், நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இப்போது அவன் 167 செ.மீ. அப்பா, அம்மா உயரங்களைக் கூட்டி, பையனாக இருந்தால் 13 சேர்த்து (பெண்ணாக இருந்தால் 13 கழித்து), இரண்டால் வகுத்தால் எதிர்பார்க்கும் உயரம் வரும். எங்கள் கணக்கில் அது 171. அந்த நாலு சென்டிமீட்டர் ஊசியால் போனதா? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தக் கணக்கே இரு பக்கமும் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் விலக இடம் கொடுப்பது. அவன் இதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. நான்தான் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்று சிகிச்சை தொடங்கும் ஹெபடைடிஸ் சி குழந்தைகளுக்கு இந்தக் கதை பெரும்பாலும் பழங்கதை. வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. 2017-இல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அப்புறம் படிப்படியாக மூன்று வயது வரை இறங்கியது. 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் மூன்று வயது முதல் எல்லாருக்கும் இவற்றைப் பரிந்துரைத்தது. சோஃபோஸ்புவிர்-வெல்பட்டாஸ்விர் 12 வாரம், கிளெகாப்ரெவிர்-பிப்ரென்டாஸ்விர் பெரும்பாலும் 8 வாரம். ஊசி இல்லை, காய்ச்சல் இல்லை, குணமாவது நூற்றுக்கு 95-க்கு மேல். அவ்வளவு குறுகிய காலத்தில் உயரம் பாதிக்கப்படுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சின்னக் குழந்தைகளுக்குக் குறுமணி வடிவில் வருகிறது. மென்று விடாமல் விழுங்க வைப்பதுதான் அங்கே பெரிய பாடு. எந்த உணவில் கலக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி (இன்னொரு கல்லீரல் வைரஸ்) பரிசோதனை செய்தார்களா என்பதையும் கேளுங்கள். அது உடலில் ஒளிந்திருந்தால் இந்த மாத்திரைகளின்போது கிளம்பிவிடலாம். பழைய ஊசிக்குப் பயந்து "பிள்ளை வளரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் பெற்றோரை இன்றும் பார்க்கிறேன். அந்தப் பயத்துக்கு இப்போது காரணம் இல்லை.

ஹெபடைடிஸ் பி வேறு கதை. கிளினிக்கில் காத்திருந்த நாட்களில் பழக்கமான ஒரு தாய் இருக்கிறார், அவர் மகளுக்கு ஹெபடைடிஸ் பி. பல ஆண்டுகள் மருந்தே கொடுக்கவில்லை. வைரஸ் அளவு எக்கச்சக்கம், ஆனால் எஸ்.ஜி.பி.டி. சாதாரணம். அந்தக் கட்டத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தி வைரஸோடு சண்டை போடுவதில்லை, ஆகவே பொதுவாகக் கண்காணித்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள். எஸ்.ஜி.பி.டி. ஏறித் தொடர்ந்து அப்படியே நின்ற பிறகுதான் என்டெகாவிர் தொடங்கினார்கள். இந்த மருந்து உயரத்தைத் தடுப்பதில்லை. அந்தப் பெண் நன்றாகவே வளர்ந்தாள். அங்கே விஷயம் தலைகீழ்: வளர்ச்சி மருந்தைப் பாதிக்கும். திரவ மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. பிள்ளை எடை கூடியும் பழைய அளவே தொடர்ந்தால் மருந்து போதாமல் போகும். ஒவ்வொரு வருகையிலும் எடை போட்டு அளவைச் சரிபார்க்க வேண்டும். 30 கிலோவைத் தாண்டும் வாக்கில் பெரியவர்களுக்கான 0.5 மில்லிகிராம் வந்துவிடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பாக, வெறும் வயிற்றில்தான் கொடுக்க வேண்டும் என்பதால் அவர்கள் படுக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஹெபடைடிஸ் பி-க்கான இன்னொரு மருந்தான டெனோஃபோவிர் டைசோப்ராக்ஸில் எடுக்கும் குழந்தைகளுக்குப் பார்க்க வேண்டியது எலும்பின் அடர்த்தி. உயரம் கூடிக்கொண்டே இருக்கும், உள்ளே எலும்பு கெட்டியாவது மட்டும் அந்த வயதுக்குரிய அளவில் நடக்காமல் போகலாம். சிறுநீரகம் வழியாகப் பாஸ்பேட் கசிவதும் உண்டு. அளவுநாடாவில் இது தெரியாது. கிரியாட்டினின், பாஸ்பேட், வைட்டமின் டி இவற்றை அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே எலும்பு முறிவு இருந்திருந்தால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். டெனோஃபோவிர் அலாஃபெனமைடு என்ற வகைக்கு எலும்பிலும் சிறுநீரகத்திலும் பாதிப்பு குறைவு. வயதும் எடையும் பொருந்தினால் மாற்ற முடியுமா என்று கேட்கலாம். ஆனால் எலும்புக்குப் பயந்தோ, பிள்ளை நன்றாக இருக்கிறாளே என்றோ ஹெபடைடிஸ் பி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடக்கி வைத்திருந்த வைரஸ் ஒரே மூச்சில் எழுந்து கல்லீரலைத் தாக்கலாம். மாற்றுவதோ நிறுத்துவதோ டாக்டர் முன்னிலையில், ரத்தப் பரிசோதனையோடுதான் நடக்க வேண்டும். நிறுத்திய பிறகும் பல மாதம் அந்தப் பரிசோதனை தொடர வேண்டும்.